பச்சை உடம்பு

அந்தப் பின்கட்டு அறைக்குள் தண்ணீர் ஒன்றுதான் போகக்கூடாத பொருள். மற்றதெல்லாம் தாராளமாகப் போயிற்று. வறுத்த பூண்டு போயிற்று, பால்சுறாப் புட்டு போயிற்று, லேகிய உருண்டையும் வெற்றிலையும் சாம்பிராணித் தட்டும் வேளைக்கு வேளை போயின. தண்ணீர் மட்டும் சோற்றோடு ஒரு முழுங்கு. அதுவும் சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, அஞ்சலை தன் கையால் கொடுத்தால்தான் உண்டு. அடுப்படியில் இருந்த கேன் தண்ணீரைக்கூட வாசல் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், அதன் தலையில் மணைப்பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மகராசி, காவல் என்றால் அப்படி ஒரு காவல்.

கத்திரி வெயில் கள்ளிக்குப்பத்துத் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பின்கட்டுக்குச் சிமெண்ட் ஷீட்டுக் கூரை. காற்றுப் பட்டால் பச்சை உடம்புக்கு ஆகாது என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு அடைத்து, தலையில் துண்டைச் சுற்றி, அதற்குள்ளே கிருஷ்ணப்பிரியா பெண் குழந்தையோடு கிடந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்த்த பெண். ஏசி அறையில் இருந்து பழகிய உடம்பு. வியர்வை வழிந்து பாயில் ஆள் அச்சு விழுந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் அஞ்சலையின் பிழைப்பு. அவளுக்கு இட்லி மாவு வியாபாரம். விடிந்ததிலிருந்து அரிசி களைவதும், உளுந்து கழுவுவதும், கிரைண்டருக்குள் கையைவிட்டுத் தண்ணீர் தெளித்துத் தள்ளுவதுமாக முழங்கை வரைக்கும் ஈரம் காயாது. மாவைக் கவரில் கட்டிப் பக்கத்து அபார்ட்மெண்டுகளுக்குக் கொண்டு போய்ப் போடுவாள். அவள் புருஷன் லோகநாதன் அதில் ஓர் அபார்ட்மெண்டுக்குத்தான் வாட்ச்மேன். அவனுடைய மாமனார் ஏர் ஓட்டிய கொல்லையின் மேல் எழும்பிய அபார்ட்மெண்ட் அது. அஞ்சலை கிரைண்டர் கல்லைக் கழுவி ஊற்றும் சத்தம் பின்கட்டுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டதும் உள்ளிருந்து குரல் வரும்.

"எம்மா, ஒரு வாய்."

"இப்பத்தானடி குடிச்சே?"

"அது காலைலம்மா."

"காலைல குடிச்சது வயித்துலதான கீது, எங்க பூட்ச்சி? பச்ச ஒடம்பு, பொறுத்துக்க கண்ணு. நானும் மாட்டேன்னு ஆசப்பட்டா சொல்றேன்?"

குழந்தை தூங்கும்போது குரல் கொடுக்க முடியாதல்லவா, அப்போது பிரியா ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு வாய் என்று அர்த்தம். அஞ்சலை ஈரத்துணியைக் கொண்டு வந்து உதட்டைத் துடைத்துவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ், நிறையத் தண்ணி குடிம்மா, அப்பத்தான் பால் ஊறும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவங்களுக்கு இன்னா, சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் பூடுவாங்க, ஜன்னி வந்தா பாக்கப் போறது யாரு என்று அஞ்சலை ஆட்டோவில் ஏறும்போதே அந்தப் பேச்சைக் கத்தரித்துவிட்டாள். பட்டாபிராமிலிருந்து ரயிலேறிப் பேத்தியைப் பார்க்க வந்த சம்பந்தி மங்களம், சாத்திய ஜன்னலையும் பஞ்சு அடைத்த காதையும் பார்த்து, எங்க காலத்துப் பத்தியம் இந்த ஊட்லதான் இன்னும் கீது என்று மெச்சிவிட்டுப் போனாள்.

அஞ்சலையை ஈவிரக்கம் இல்லாதவள் என்று நினைத்தால் அது பாவம். அவள் பயந்து போனவள். பயம் இருபத்தாறு வருஷத்துப் பயம்.

கிருஷ்ணப்பிரியா அஞ்சலை பெற்ற பெண் இல்லை. அவளுடைய அக்கா பத்மா பெற்றது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த லோகநாதனுக்குப் பத்மாதான் முதல் தாரம். இதே பின்கட்டில்தான் அவளும் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அப்போது கொல்லையில் மாடு இருந்தது. பதினேழு வயசு அஞ்சலைதான் அக்காவுக்கு எடுபிடி. ஒருநாள் மத்தியானம் பாயில் அக்காவைக் காணவில்லை. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தால் மாட்டுத் தொட்டியில், கழுநீரும் தவிடும் மிதக்கிற தண்ணீரில், முகத்தை இறக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். அஞ்சலை போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து முடியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் ஜன்னி கண்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

செத்தவளை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. நாக்கை அடக்கத் தெரியாமல் பச்சைக் குழந்தையை அம்போ என்று விட்டுப் போனவள் என்றார்கள். மாட்டுத் தொட்டியில குடிச்சவ என்பது சொந்தத்துக்குள் அவள் பெயராகவே ஆகிவிட்டது. குழந்தையை வளர்க்க அஞ்சலையை அக்காள் புருஷனுக்கே கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு அஞ்சலைக்கு வயிறு திறக்கவில்லை. அவளுக்குப் பிரியாதான் எல்லாம், பிரியாவுக்கும் அவள்தான் அம்மா.

தாலியோடு போனவள் வீட்டுக்குத் தெய்வம் அல்லவா. ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் பத்மாவைப் பூவாடைக்காரி என்று வைத்து அந்த வீட்டில் படைப்பார்கள். புதுப்புடவை, வளையல், மல்லிகைப்பூ, கொழுக்கட்டை, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, எல்லாம் வைத்துவிட்டு, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். செம்புத் தண்ணீர் மட்டும் வைப்பதில்லை. தண்ணியால போனவளுக்குத் தண்ணி காட்டாதே என்று அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவளின் கதையைக் கேட்டே வளர்ந்த பிரியா, பட்டம் வாங்கியும் அந்தப் பயத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் கெஞ்சினாளே தவிர ஒருநாளும் திருடிக் குடிக்கவில்லை.

தீட்டுக் கழித்துத் தலைக்கு ஊற்றிய மறுநாள் பிரியாவுக்குத் தலைவலி வந்தது. ஈரம் இறங்கியிருக்கும் என்று அஞ்சலை சுக்கைத் தேய்த்துப் பற்றுப் போட்டாள். அதற்கு அடுத்த நாள் போனைப் பார்ப்பதால் வருகிறது என்று போனைப் பிடுங்கி வைத்தாள். வலி அடங்கவில்லை. தின்ற சோறு வாந்தியாக வந்தது. கதவு இடுக்கில் விழுகிற வெளிச்சத்துக்குக்கூடக் கண் கூசியது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியிதும்மா என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பால் கொடுக்கும்போது அழுதாள், அஞ்சலை தலை வாரிவிட்டபோது அழுதாள், சும்மாவும் அழுதாள்.

அவள் புருஷன் ஹேமநாதன் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போகிறவன். பஸ்ஸிலிருந்தே போன் பண்ணினான். கூட வேலை செய்கிறவன் மனைவிக்கும் இப்படித்தானாம், பிள்ளை பெற்றால் மனசு கொஞ்சம் கலங்குமாம், தானாகச் சரியாகிவிடுமாம். மங்களம் திருஷ்டி என்றாள். பிரசவ அறைச் சமாச்சாரத்தில் லோகநாதன் வாயைத் திறப்பதில்லை.

சந்து முனையில் ஆட்டோ போடுகிற முகமது இஸ்மாயில்தான் அவர்களைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளினிக்கில் இருந்த டாக்டர் கேட்டதையெல்லாம் அஞ்சலையிடமே கேட்டார். ராத்திரி தூங்குதா, சாப்பிடுதா, மாமியார் ஊட்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே.

"இது வேற மாதிரி வலி சார்," என்றாள் பிரியா. "மண்டைக்குள்ள உப்பிகினு வர்ற மாதிரி கீது. படுத்தா ஜாஸ்தியாவுது."

"மொதப் பிரசவமா?"

"ஆமா சார்."

"மொதப் பிரசவத்துல எல்லாமே அப்படித்தாம்மா தோணும். நல்லா தூங்கு, சரியாயிடும்."

ஓர் ஊசி போட்டுத் தூங்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அஞ்சலைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படித்தவரே ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டதே.

திரும்பும்போது ஆட்டோவில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஆட்டத்தில் அது ஆடியது. பிரியாவின் கண் அதையே பார்த்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் கவனித்த இஸ்மாயில் பாய் பாட்டிலைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். குடிக்கட்டும்மா, வெயிலு மண்டயப் பொளக்குது என்றார். அஞ்சலை அதைக் கையால் தடுத்தாள். பிரியா ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"வேணாம் பாய். பச்ச ஒடம்பு."

"உங்க ஊட்டு வெவகாரம். நான் இன்னா சொல்றது," என்று அவர் பாட்டிலைத் திரும்பத் தொங்கவிட்டார்.

மறுநாள் காலை அஞ்சலை மாவைக் கவரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் குழந்தை அழுதது. கொஞ்சம் அழட்டும், தாய் எழுந்து எடுப்பாள் என்று இருந்தாள். அழுகை வீறலாக மாறியது. இன்னாடி பண்றே என்று கேட்டுக்கொண்டே மாவுக் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். பிரியா பாயை விட்டு உருண்டு தரையில் கிடந்தாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது, கடைவாயில் நுரை.

அஞ்சலைக்கு இருபத்தாறு வருஷமும் அந்த ஒரு நொடியில் திரும்பி வந்தது. மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணி குடிச்சியாடி, தண்ணி குடிச்சியாடி என்று கத்தினாள். உதட்டை விரலால் தடவினாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. வாசல் அறைக்கு ஓடினாள். கேன் மேல் கவிழ்த்த மணை கவிழ்த்தபடியே இருந்தது, அதன் மேல் காலையில் அவளே வைத்த மாவுக் கரண்டியும் அசையாமல் இருந்தது. பிரியா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. குடிக்காமலே ஜன்னி வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்கு முன்பின்னாகத்தான் ஞாபகம். பீரோச் சாவிக்கொத்தை மகளின் கையில் திணித்தது அவள்தான். சத்தம் கேட்டு வந்து பிரியாவைத் தூக்கியது இஸ்மாயில் பாய். குழந்தையை அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். அம்பத்தூரில் முதலில் போன நர்சிங் ஹோமில் ஸ்ட்ரெச்சரை இறக்கவே விடவில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று ஒரு ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். வழியில் இன்னொரு முறை இழுத்தது. பாடி மேம்பாலத்தில் டிராபிக்கில் நின்றபோது அஞ்சலை மகளின் காலைக் கட்டிக்கொண்டு, அக்கா, இவள உட்ருக்கா, என்னை எடுத்துக்கோ என்று பத்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து உள்ளே கொண்டு போனபிறகு சாயங்காலம் ஒரு டாக்டர் வெளியே வந்தாள். நிவேதிதா என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தது. பிரியா வயசுதான் இருக்கும், கண்ணில் தூக்கக் களைப்பு. வராந்தாவில் அஞ்சலை, லோகநாதன், கம்பெனியிலிருந்து நேராக வந்த ஹேமநாதன், அவன் அம்மா மங்களம் நால்வரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் அவசரப்படாமல் சொன்னாள்.

"தலைக்குள்ள போற ரத்தம் திரும்பி வடியற குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. வடிய வழியில்லாம தேங்கி இடது பக்கம் கசிஞ்சிருக்கு. ரத்தம் இளகறதுக்கு ஊசி போயிட்டிருக்கு. உயிருக்கு என்னன்னு ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

லோகநாதன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "மேடம், எனுக்கு பிரஷர் கீது, சுகர் கீது. வயசும் ஆயிட்ச்சி. எனுக்கு வராதது இந்தப் பொண்ணுக்கு எப்டி வந்துது?"

"இந்த அடைப்பு உங்களை விட அவங்களுக்கு வரத்தாங்க வாய்ப்பு அதிகம். பிரசவத்துல ரத்தம் கொட்டிப் போயிடக்கூடாதுன்னு பொம்பளை உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறையற மாதிரி ஆக்கி வெச்சுக்கும். பிள்ளை பிறந்த பிறகும் சில வாரம் அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல உடம்புல நீர் வத்திப் போனா இன்னும் கெட்டியாகும்." டாக்டர் நிறுத்திவிட்டு நால்வர் முகத்தையும் பார்த்தாள். "வீட்ல நல்லா தண்ணி குடிச்சாங்களா?"

ஹேமநாதன் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் குடுக்கத்தான் சொன்னேன் டாக்டரம்மா," என்றாள் மங்களம்.

கூசாமல் சொன்னாள். அஞ்சலைக்கு அதை மறுக்கக்கூடத் தோன்றவில்லை. டாக்டர் அடுத்ததற்குப் போனாள். தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று தான் சொல்லவில்லை, ரத்தம் உறைகிற கோளாறு பரம்பரையாகவும் வரும், அது தெரிந்தால் மருந்தை அதற்குத் தகுந்த மாதிரி எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம் என்றாள். பிறகு அஞ்சலையிடம், உங்க பிரசவத்துல உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது வந்துச்சா என்று கேட்டாள்.

பிரியாவைப் பெண் பார்க்க வந்தபோது பத்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தார்கள். தாய்க்கு ஜன்னி என்று தெரிந்தால் பெண்ணை எவன் கட்டுவான்? அந்தப் பொய்யைச் சொன்னவளும் அஞ்சலைதான். இதோ மங்களம் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சொன்னால் பெண்ணின் வாழ்வு போகும், சொல்லாவிட்டால் பெண்ணே போய்விடுவாள்.

"நான் பெக்கல டாக்டர். எங்க அக்கா பெத்தது. அவளும் புள்ள பெத்து இதே மாதிரி படுத்துகினு இருக்கசொல்ல ஜன்னி வந்து செத்துட்டா."

மங்களம் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எப்படி ஆச்சு? ஞாபகம் இருக்கா?"

"தண்ணி குடிச்சிட்டா. அதான் வந்துது."

"தண்ணி குடிச்சா ஜன்னி வராதும்மா," என்றாள் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தத் தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தலைவலி இருந்துதா?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அஞ்சலையும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பத்மா தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தது ஞாபகம் வந்தது. சுவரில் மண்டையை முட்டிக்கொண்டு, அஞ்சு, கொஞ்சம் அமுக்கி உடேன் என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அமுக்கி அமுக்கிக் கை சோர்ந்து, இன்னாக்கா நீ நடிக்கிறே என்று எழுந்து போனதும் ஞாபகம் வந்தது. அதெல்லாம் தொட்டிக்குப் போவதற்கு முன்னால். ரெண்டு மூன்று நாள் முன்னால்.

"இருந்துது," என்றாள் அஞ்சலை. "மொதல்ல தலவலிதான் வந்துது. அப்பாலதான் குடிச்சா."

டாக்டர் தலையை ஆட்டினாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றாள். பிறந்தது பெண் குழந்தையா என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் வளர்ந்து நாளைக்குப் பிள்ளை உண்டானால் டாக்டரிடம் முதல் வேலையாக இதைச் சொல்லச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அஞ்சலை வராந்தாச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அக்கா குடித்ததால் சாகவில்லை. சாகிற தாகத்தில் குடித்தாள். அந்தக் கடைசித் தண்ணீரையும் முழுசாகக் குடிக்கவிடாமல் கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுத்தவள் யார்? அதோடு விட்டார்களா? நாக்கை அடக்காதவள் என்று பட்டம் கட்டி, வருஷா வருஷம் புடவையும் பூவும் வைத்து, தண்ணீரை மட்டும் மறைத்து வைத்து, தெய்வம் ஆனபிறகும் தாகத்தோடு திருப்பி அனுப்பினார்களே. அந்தப் பழிக்குப் பயந்துதான் பெற்ற மகளைப் போல வளர்த்தவளையும் இங்கே கொண்டு வந்து கிடத்தியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

மங்களம்தான் வாயைத் திறந்தாள். காய்ச்சல் என்று சொல்லி ஏமாற்றிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள், ரத்தத்திலேயே கோளாறு இருக்கிற குடும்பம் என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஹேமநாதன் கம்முனு இரும்மா என்று சொல்லியும் நிறுத்தவில்லை.

"தங்கச்சியா இருந்தா இன்னா? சித்தி சித்திதான். பெத்தவளா இருந்தா ஒரு வாய்த் தண்ணி குடுக்காம காய வெப்பாளா?"

அஞ்சலை அதையும் கேட்டுக்கொண்டாள். அப்போது லோகநாதன் பேசினான். சம்பந்தியிடம் இல்லை, யாரிடமும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பத்மா எங்கிட்டயும் கேட்டா. ஜன்னலாண்ட நின்னுகினு, மாமா, ஒரு சொம்பு மொண்டு குடேன்னா. அது பொம்பளைங்க சமாச்சாரம், உங்கம்மாவ கேளுன்னுட்டு நான் மாட்ட ஓட்டிகினு பூட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவன் அதை அஞ்சலையிடம்கூடச் சொன்னதில்லை.

பிரியா பிழைத்தாள். அந்த மட்டில் கும்பிட வேண்டியதுதான். ஆனால் கண்ணைத் திறந்தபோது வலது கை தொங்கியது, வலது கால் இழுத்தது. பேச்சும் இல்லை. புரிகிறது என்றார்கள், சொல்லத்தான் வார்த்தை வரவில்லை என்றார்கள். டாக்டர் நிவேதிதா தினமும் வந்து பேனாவையும் சீப்பையும் டம்ளரையும் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்பாள். பிரியா வாயைத் திறப்பாள், நெற்றி சுருங்கும், வியர்க்கும், அது அது என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கொஞ்சம் கொஞ்சமாக வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டர். ஒவ்வொரு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் தட்டி வேலை பார்த்த பெண். மகளின் பெயரைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

குழந்தையை மங்களம் பட்டாபிராமுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தாய் சரியானதும் கொண்டு வருகிறோம் என்றார்கள். ஹேமநாதன் முதலில் தினமும் வந்தான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிற பேச்சை அவன் எடுக்கவில்லை, அஞ்சலையும் கேட்கவில்லை. பால் கட்டிக்கொண்டு பிரியா துடித்த நாட்களில் அஞ்சலையே பீய்ச்சிக் கொட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கள்ளிக்குப்பத்துக்கே கூட்டி வந்ததும், வாசல் அறையிலிருந்த கேனை அடுப்படிக்கு இழுத்து வந்தாள். பின்கட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாள். பிரியாவின் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். ஆனால் அவள் தானாக எடுத்துக் குடிப்பதில்லை. அஞ்சலை எடுத்து வாயில் வைத்தால்தான் குடிப்பாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி வந்தது. இந்த வருஷம் என்ன படையல் வேண்டிக்கிடக்கிறது என்றான் லோகநாதன். அஞ்சலை கேட்கவில்லை. மாவு வியாபாரத்தை அன்றைக்கு நிறுத்தினாள். வீட்டைக் கழுவி, கொழுக்கட்டை பிடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, மணையின் மேல் புதுப்புடவையை மடித்துப் பூ சுற்றினாள். பிறகு பரண் மேலிருந்த பெரிய பித்தளைச் சொம்பை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். கழுத்து வரைக்கும் தண்ணீர் பிடித்துக் கொண்டு வந்து புடவைக்கு முன்னால் நடுவில் வைத்தாள்.

படையலுக்கு வந்திருந்த லோகநாதனின் தமக்கை பதறினாள். "அடியே, அவளுக்குத் தண்ணி காட்டக் கூடாதுடி. உங்கம்மா இன்னா சொல்லிட்டுப் போச்சி?"

"எங்கம்மாவுக்குத் தெரியாது அண்ணி," என்றாள் அஞ்சலை. "எனுக்கும் தெரியாது. அவ தாகத்துல செத்தா. யாரு இன்னா சொன்னாலும் பரவால்ல, இன்னிக்கி அவளுக்குத் தண்ணி கீது."

கற்பூரம் காட்டினார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே உட்கார்ந்தார்கள். பிரியாவைச் சுவரோடு சாய்த்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அஞ்சலை கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சொம்பைத் தொடுகிற சத்தம், ஒரு மடக்கு, ஏதாவது கேட்காதா என்று இருந்தது. தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்துப் போனது. மற்றபடி ஒன்றும் இல்லை. குடிக்கா, வயிறு நிறையக் குடி, நான் கத்த மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்தபோது விளக்கு நின்று எரிந்தது. சொம்பில் தண்ணீர் வைத்தபடியே கழுத்து மட்டுக்கு இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை. அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொம்பைத் தூக்கிக்கொண்டு மகளிடம் வந்தாள்.

பிரியா சொம்பைப் பார்த்தாள். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தாள். எல்லா வார்த்தையும் போன அந்த மண்டைக்குள் அது ஒன்று மட்டும் அப்படியே இருந்தது போலிருக்கிறது. அவள் இடது கையை மெதுவாகத் தூக்கி ஒற்றை விரலைக் காட்டினாள்.

"ஒரு வாய் இல்லடி கண்ணு," என்றாள் அஞ்சலை. "அவ்ளோவும் உனுக்குத்தான். குடி."

சொம்பை அவள் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். பிரியா ஒரு முழுங்கு குடித்தாள். குடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு, போதும் என்று தலையை ஆட்டினாள். அஞ்சலை இன்னொரு முறை சாய்த்தாள். தண்ணீர் மூடிய உதட்டில் பட்டு மோவாய் வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. பிரியா வாயைத் திறக்கவே இல்லை.